கேளுங்கள், சொல்கிறோம்: புது ஊரில் குழந்தை பார்க்கும் கோடை வேலை

கல்லூரித் தேர்வு முடிந்து ஜூனில் மறுபடி வகுப்பு தொடங்கும் வரை ஏழெட்டு வாரம் கிடைக்கிறது. அந்த நாட்களில் வெளியூர் போய்க் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்யலாமா, அப்படியே அந்த ஊரையும் சுற்றிப் பார்க்கலாமா என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெரும்பாலானவை சென்னையைப் பற்றியவை. ஒன்று இங்கிலாந்திலிருந்து வந்தது.

பி.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஏப்ரல் கடைசியில் தேர்வு முடிகிறது. தாம்பரத்தில் சித்தி வீடு இருக்கிறது. சென்னைக்கு ஒரே ஒருமுறை, ஒரு கல்யாணத்துக்காக வந்ததோடு சரி. மே மாதம் முழுக்க அங்கே தங்கிக் குழந்தைகளோடு வேலை பார்க்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது? – வாசகி, தென்காசி

ரயில் பாதையிலிருந்து தொடங்குங்கள். சித்தி வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போகக்கூடிய இடம் எது என்று முதலில் பாருங்கள். வேலையை அந்த எல்லைக்குள் தேடுங்கள். தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் குரோம்பேட்டை, பல்லாவரம், பழவந்தாங்கலை ஒட்டிய நங்கநல்லூர், சைதாப்பேட்டை, மாம்பலம் எல்லாம் உங்களுக்கு எட்டும். சோழிங்கநல்லூர், நாவலூர் பக்கம் கணவன் மனைவி இருவருமே ஐ.டி. வேலைக்குப் போகும் குடும்பங்கள் நிறைய; ஆள் தேவையும் இருக்கும். ஆனால் தாம்பரத்திலிருந்து அங்கே ரயில் கிடையாது. மேடவாக்கம் வழியாகப் பேருந்தில் போகவேண்டும், காலை நெரிசலில் அது எப்போது போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் வந்தால்தான் அந்த வீட்டு அம்மா ஆபீசுக்குக் கிளம்ப முடியும். ஒன்பது மணி ஒன்பதரை ஆவது இரண்டு தடவை நடந்தால் மூன்றாவது வாரம் வேறு ஆள் வந்துவிடுவார்.

அடுத்தது, எந்த மாதிரி வேலை என்பது. ப்ளே ஸ்கூல்களும் அபார்ட்மென்ட்களும் நடத்தும் சம்மர் கேம்ப் ஒன்று. பெரும்பாலும் காலை மட்டும், மூன்று மணி நேரம். உங்களோடு இன்னும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். முதல் தடவை வேலைக்கு வருபவருக்கு இதுதான் ஏற்றது, ஏனென்றால் ஏதாவது என்றால் பக்கத்தில் கேட்க ஆள் உண்டு. இரண்டாவது, டே கேர். பகல் முழுக்க வேலை, சாப்பாடு ஊட்டுவதும் தூங்க வைப்பதும் சேர்ந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும் என்று 2017-இல் மகப்பேறு பயன் சட்டத்தைத் திருத்தினார்கள். அதனால் பெரிய மருத்துவமனைகளையும் ஐ.டி. வளாகங்களையும் ஒட்டி இப்படிக் காப்பகங்கள் இருக்கின்றன. மூன்றாவது, வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்வது. சம்பளம் பேசிக்கொள்ளலாம், ஆனால் நான்கு சுவருக்குள் நீங்களும் குழந்தையும் மட்டும்.

உங்களுக்கு எங்கள் யோசனை: காலையில் ஒரு கேம்ப், மாலை நாலிலிருந்து ஏழு வரை அதே பகுதியில் ஒரு வீடு. நடுவில் கிடைக்கும் மூன்று மணி நேரம் ஊர் பார்க்க உங்களுடையது.

தேடுவதை மார்ச் முதல் வாரமே ஆரம்பிக்கவேண்டும். சி.பி.எஸ்.இ. பள்ளிகள் பல ஏப்ரலில் புது வகுப்பைத் தொடங்கிவிட்டு மேயில் விடுமுறை விடும். மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு முடிந்தவுடன் லீவு. அதனால் கேம்ப் நடத்துகிறவர்கள் ஏப்ரலுக்கு ஒரு பேட்ச், மேக்கு ஒரு பேட்ச் என்று பிரித்து, ஆட்களை முன்கூட்டியே எடுத்துவிடுவார்கள். மே ஐந்தாம் தேதி போய்க் கேட்டால் 'அடுத்த வருஷம் பாப்போம்மா' என்பார்கள்.

அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் வெளியாள் நுழைய முடியாது. சித்திக்குத் தெரிந்தவர், சித்தப்பாவோடு வேலை பார்ப்பவர் என்று யாராவது ஒருவர் உங்கள் செய்தியை அங்கே போடவேண்டும். செய்தி சுருக்கமாக இருக்கட்டும்: 'வணக்கம். உளவியல் இரண்டாம் ஆண்டு மாணவி, வயது 20. மே 2 முதல் மே 31 வரை, திங்கள் முதல் சனி, மாலை 4 முதல் 7 வரை, 3 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள முடியும். குரோம்பேட்டை, பல்லாவரம், நங்கநல்லூர் மட்டும். கல்லூரிப் பேராசிரியர் இருவரிடம் என்னைப் பற்றி விசாரிக்கலாம்.' தேதி, நேரம், வயது, இடம் நான்கும் தெளிவாக இருந்தால்தான் கூப்பிடுவார்கள். 'எந்த வேலையானாலும் செய்வேன்' என்று எழுதினால் பாத்திரம் தேய்க்கவும் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் உங்களைப் பற்றி நீங்களே சரிபார்ப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். விசாரணைக்கு உங்கள் ஊர் நிலையத்திலிருந்து வருவார்கள் என்பதால் தென்காசியில் இருக்கும்போதே, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். முன்பின் தெரியாத வீட்டில் அந்த ஒரு தாள் பத்து சிபாரிசுக்குச் சமம்.

அடையாறில் ஒரு வீட்டில் நான்கு வயதுப் பையனைப் பார்த்துக்கொள்ள மாதம் 12,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார்கள். காலை 9 முதல் மாலை 6 வரை, ஞாயிறு விடுமுறை. நான் தாம்பரத்தில் தங்கியிருக்கிறேன். ஒத்துக்கொள்ளலாமா? – வாசகி, திருவண்ணாமலை

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 9 மணி நேரம், 26 நாள்; 234 மணி நேரம். 12,000-ஐ வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 51 ரூபாய். போகவர இரண்டரை மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொண்டால் இன்னும் 65 மணி நேரம் சேர்ந்து 299 ஆகும். அப்போது மணிக்கு 40 ரூபாய்தான். மதியச் சாப்பாடு அங்கேயா, கையில் கட்டிக்கொண்டு போகவேண்டுமா என்பதும் இந்தக் கணக்கில் வரவேண்டும். இதே 12,000-ஐ நடந்து போகும் தூரத்தில் இருக்கும் வீடு கொடுத்தால் அது நல்ல சம்பளம்.

சரி என்று தோன்றினால், சேருவதற்கு முன் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், நோட்டுத் தாள் போதும். 'இதெல்லாம் எதுக்கும்மா, நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி' என்று அன்பாகத்தான் சொல்வார்கள். 'எனக்கு மறந்துபோகும்க்கா, அதுக்குத்தான்' என்று சொல்லி எழுதிவிடுங்கள். என்ன எழுதவேண்டும் என்றால், வேலை நேரம், அதைத் தாண்டினால் மணிக்கு எவ்வளவு, சம்பளத் தேதி, அவர்களாக லீவு விடும் நாளுக்குப் பணம் உண்டா. இந்தக் கடைசி விஷயத்தில்தான் மனக்கசப்பு வருகிறது. மே மாதத்தில் குடும்பம் ஒரு வாரம் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய்விடும். திரும்பி வந்து 'நீ அந்த வாரம் வரலையே' என்று மூவாயிரத்தைக் கழிப்பார்கள். முதல் நாளே கேட்டுவிட்டால் இரண்டு பேருக்கும் சங்கடமில்லை.

குழந்தையின் சாப்பாடு, குளியல், துணி, விளையாட்டுச் சாமான் ஒதுக்குவது உங்கள் வேலை. வீடு பெருக்குவது, எல்லாருக்கும் சமைப்பது இல்லை. இதையும் எழுதுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் ஆனால் வீடு திரும்ப ஆட்டோவோ காரோ அவர்கள் செலவு என்பதும் இருக்கட்டும். அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கும் பெற்றோருக்கு மீட்டிங் நீண்டுகொண்டே போகும்.

வீட்டில் கேமரா எங்கெங்கே இருக்கிறது என்று கேட்பது உங்கள் உரிமை. கூடத்தில், குழந்தை அறையில் இருக்கலாம். நீங்கள் உடை மாற்றும், படுக்கும் அறையில் இருக்கவே கூடாது. இன்னொன்று: தங்க நகை போட்டுக்கொண்டு போகாதீர்கள், பீரோச் சாவியைக் கையில் வாங்காதீர்கள். எதாவது காணாமல் போனால் முதல் சந்தேகம் புதிதாக வந்தவர்மேல்தான் விழும். பிறகு அது அலமாரிக்கு அடியிலேயே கிடைத்தாலும் பட்ட வலி போகாது.

முதல் மூன்று நாள், அரை நாள் வீதம், அம்மாவோ பாட்டியோ வீட்டில் இருக்கும்போது போய்ப் பழகுங்கள். அந்த மூன்று நாளுக்கும் சம்பளம் கேளுங்கள்.

ஆன்லைனில் ஒரு ஏஜென்சி, வேலை உறுதி என்று சொல்லி 1,500 ரூபாய் பதிவுக் கட்டணமும் ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் அசலும் கேட்கிறது. – வாசகி, கரூர்

இரண்டையும் கொடுக்காதீர்கள். வீட்டின் முகவரியையும் பெற்றோரின் போன் நம்பரையும் காட்டாமல் முதலில் பணம் கேட்கும் இடத்தில் வேலை இருப்பதில்லை. அசல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை கிடையாது. ஆதார் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் முதல் எட்டு எண்கள் மறைத்த பிரதியை ஆதார் இணையதளத்திலிருந்தே இறக்கிக் கொடுங்கள். அதன்மேல் எதற்காக, யாருக்கு, என்ன தேதியில் கொடுத்தீர்கள் என்று குறுக்கே எழுதுங்கள். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

சென்னையில் சொந்தக்காரர் யாரும் இல்லை. இரண்டு மாதத்துக்கு மட்டும் ஹாஸ்டல் கிடைக்குமா? – வாசகி, பெரம்பலூர்

கிடைக்கும். தமிழக அரசின் பணிபுரியும் மகளிர் விடுதிகளான 'தோழி' விடுதிகள் தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் இருக்கின்றன. குறைந்த காலம் தங்க இடம் இருக்கிறதா என்று அங்கே முதலில் கேளுங்கள். தனியார் ஹாஸ்டல் என்றால் மாவட்ட ஆட்சியரிடம் பெற்ற உரிமம் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பெண்கள் விடுதிகளுக்கு அந்த உரிமம் கட்டாயம் என்று 2014-இல் சட்டமே வந்துவிட்டது. அட்வான்ஸில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். காலி செய்ய ஒரு மாதம் முன்பே சொல்லவேண்டும் என்று விதி இருக்கும். சொல்லாவிட்டால் அட்வான்ஸ் போச்சு. உள்ளே நுழையும் அன்றே 'ஜூன் 10 காலி செய்கிறேன்' என்று எழுதிக் கொடுத்து, ரசீதிலும் அந்தத் தேதியைப் போட்டு வாங்கிவிடுங்கள். கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கேட்டுக்கொண்ட பிறகு மாலை வேலையை ஒப்புக்கொள்ளுங்கள்.

வீட்டில் தம்பி தங்கைகளை வளர்த்த அனுபவம் இருக்கிறது. அது போதாதா? தனியாகப் பயிற்சி எடுக்கவேண்டுமா? – வாசகி, மணப்பாறை

அந்த அனுபவம் பெரிய சொத்து. குழந்தை அழுதால் பதறாமல் இருப்பதை எந்த வகுப்பிலும் சொல்லித்தர முடியாது. ஆனால் உங்கள் வீட்டில் அம்மா கூப்பிடும் தூரத்தில் இருந்தார். இங்கே பத்து நிமிடம் நீங்கள்தான் எல்லாம். அதனால் முதலுதவி மட்டும் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவிப் பயிற்சி நடத்துகின்றன. உங்கள் மாவட்டக் கிளையில் கேளுங்கள். பொம்மையை வைத்துக் கையால் செய்து பார்க்கும் வகுப்பாக இருக்கவேண்டும்.

தொண்டையில் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பது முதலில் தெரிந்திருக்கவேண்டும். குழந்தை இருமிக்கொண்டிருந்தால் இருமட்டும், முதுகில் தட்டவேண்டாம். சத்தமே வராமல் திணறினால் ஒரு கணமும் காத்திருக்கக் கூடாது. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தையை முன்பக்கம் குனியவைத்து, இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அடி. வெளிவரவில்லை என்றால் பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே கைமுட்டியை வைத்து உள்ளே, மேலே என்று ஐந்து அழுத்தம். மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருக்கவேண்டும். ஒரு வயதுக்குக் கீழே என்றால் வயிற்றை அழுத்தவே கூடாது. தலை தாழ்வாக இருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தி ஐந்து அடி, பிறகு மல்லாத்தி மார்பு நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்தம். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாதபோது விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும். பக்கத்தில் இருப்பவரை 108-க்குப் பேசச் சொல்லுங்கள்.

அடைக்காமல் பார்த்துக்கொள்வது இதைவிட எளிது. திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள். கோடையில் நுங்கு வழுக்கிக்கொண்டு நேராகத் தொண்டைக்குப் போகும், தோலுரித்துச் சின்னத் துண்டாக்கிக் கொடுங்கள். முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கெட்டி முறுக்கு மூன்று வயதுக் குழந்தைக்கு வேண்டாம். ஒரு வயதாகாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைக்கக் கூடாது, பாட்டி சொன்னாலும்.

மருந்து விஷயத்தில் நீங்களாக எதுவும் கொடுக்காதீர்கள். பெற்றோர் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பியதை மட்டும், எழுதிய அளவில் கொடுங்கள். காரணம் இதுதான். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் இருப்பதும் உண்டு, 250 இருப்பதும் உண்டு. பாட்டில் ஒரே மாதிரி இருக்கும், மருந்தின் நிறமும் ஒன்றாகவே இருக்கலாம். 12 கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 15 வீதம், ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம் என்று டாக்டர் எழுதியிருந்தால், 120 பாட்டிலில் அது ஏழரை மில்லி. போன மாதம் ஏழரை மில்லி கொடுத்தோமே என்று இந்த மாதம் 250 பாட்டிலில் அதே கோடு வரை ஊற்றினால் 375 மில்லிகிராம், இரண்டு மடங்குக்கு மேல். 'எத்தனை மில்லி' என்று மட்டும் கேட்காதீர்கள். பாட்டில் லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பி, 'இந்த பாட்டில்தானே அக்கா, எத்தனை மில்லி?' என்று கேளுங்கள். கொடுத்த நேரத்தையும் உடனே எழுதி வையுங்கள். மாலையில் அப்பா வந்து, தெரியாமல் மறுபடி கொடுப்பது அப்போதுதான் தடைபடும்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியிலும் இதே தவறு நடக்கிறது. பெரிய பாக்கெட் முழுசையும் ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்கவேண்டும். 200 மில்லிக்கென்று தனியாகச் சின்னப் பாக்கெட் இருக்கிறது. பெரியதைப் பிரித்து ஒரு டம்ளரில் கொஞ்சம் போட்டால் உப்பு கூடியோ குறைந்தோ போகும்.

சூடு பட்டால் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். பற்பசை, இங்க், மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். குளியலறையில் தண்ணீர் நிறைந்த வாளியை வைக்காதீர்கள். சென்னை வீடுகளில் லாரித் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பழக்கம் உண்டு. ஒன்றரை வயதுக் குழந்தை வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது, சத்தமும் கேட்காது. வாளியைக் கவிழ்த்து வைப்பது, குளியலறைக் கதவை வெளியே தாழிடுவது இரண்டையும் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகச் செய்யுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். அந்தக் குழந்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் போட்டோவை உங்கள் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். எந்த நேரத்தில் எந்தப் பூங்காவில் இருப்பீர்கள் என்பதையும் சேர்த்துத்தான் அது ஊருக்குச் சொல்கிறது.

நான் பார்த்துக்கொள்ளும் குழந்தையின் உடம்பில் காயத் தழும்புகள். ஒரு உறவினர் வந்தால் ஒளிந்துகொள்கிறது. பெற்றோரிடம் சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. – பெயர், ஊர் வேண்டாம் என்ற வாசகி

நீங்கள் கவனித்ததே அந்தக் குழந்தைக்குப் பெரிய உதவி. இன்றே 1098-க்குப் போன் செய்யுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள். குழந்தையிடம் கேள்விமேல் கேள்வி கேட்காதீர்கள், 'அவர் இப்படிச் செய்தாரா?' என்று நீங்களாகச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அது தானாகச் சொன்ன வார்த்தையை அப்படியே, தேதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். பாலியல் தொந்தரவு என்ற சந்தேகம் இருந்தால் போக்சோ சட்டம், 2012-இன்படி தெரிந்தவர் போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் அதற்காக வழக்கு வராது. உங்களுக்கே அந்த வீட்டில் தொந்தரவு என்றால் பெண்களுக்கான உதவி எண் 181. வீட்டு வேலைக்கு வரும் பெண்களையும் 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் காக்கிறது. மாவட்டந்தோறும் உள்ள உள்ளூர்க் குழுவில் புகார் கொடுக்கலாம்.

நான் ஆண். குழந்தைகளோடு இருப்பது பிடிக்கும். ஆனால் யாரும் வேலைக்கு எடுக்கமாட்டார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். – வாசகர், தருமபுரி

தனி வீட்டில் கஷ்டம், உண்மைதான். ஆனால் கேம்ப்களில் ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கிரிக்கெட், செஸ், சிலம்பம், நீச்சல், அறிவியல் சோதனை என்று ஆள் தேவைப்படுகிறது. உங்களுக்கு எது வருமோ அதை முன்னால் வைத்து விண்ணப்பியுங்கள். குழந்தையோடு தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பதில்லை, கழிப்பறைக்கு அழைத்துப்போவது பெண் உதவியாளர் என்ற இரண்டையும் நீங்களே முதலில் சொல்லுங்கள். பெற்றோர் கேட்கத் தயங்குவதை நீங்கள் சொன்னால் நம்பிக்கை வரும்.

ப்ளஸ் டூ முடித்த என் மகளுக்கு 17 வயது. சென்னையில் ஒரு வீட்டில் தங்கிக் குழந்தை பார்க்கக் கூப்பிடுகிறார்கள். அனுப்பலாமா? – ஒரு தாய், திருவாரூர்

தங்கி வேலை பார்க்க அனுப்பவேண்டாம் அம்மா. 18 ஆகாத பெண் புது ஊரில் அடுத்தவர் வீட்டில் இரவு தங்குவதில் இருக்கும் ஆபத்துக்கு எந்தச் சம்பளமும் ஈடாகாது. உங்கள் ஊரிலேயே ஒரு ப்ளே ஸ்கூல் கேம்ப்பில் காலை மட்டும் உதவிக்குப் போகட்டும். அங்கே கிடைக்கும் அனுபவக் கடிதம் அடுத்த கோடைக்கு உதவும்.

லெஸ்டரில் ஒரு வருட முதுகலைப் படிப்பு. ஸ்டூடன்ட் விசா. ஜூலையில் பள்ளி விடுமுறை விடும்போது குழந்தை பார்க்கும் வேலை முழுநேரமாகச் செய்யலாமா? – வாசகி, லெஸ்டர்

இந்தக் கேள்வியில் இரண்டு இடத்தில் கால் தடுக்கும். உங்களுக்கு விடுமுறை மாதிரித் தோன்றும் ஜூலை, ஆகஸ்ட், முதுகலை மாணவருக்கு ஆய்வேடு எழுதும் காலம். அதாவது படிப்புக் காலம். வாரம் 20 மணி நேர வரம்பு அப்போதும் உண்டு. இளங்கலை மாணவருக்கு மட்டும்தான் கோடை உண்மையான விடுமுறை. உங்கள் பல்கலைக்கழகத்தின் பாடக்கால தேதிகள் உள்ள கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டாவது, ஸ்டூடன்ட் விசாவில் சுயதொழில் கூடாது. பேபிசிட்டிங் ஆப்களில் பதிவு செய்து வீடு வீடாகப் போவது பெரும்பாலும் சுயதொழில் கணக்கில்தான் வரும். ஒரு மணி நேரமானாலும் விசா விதிமீறல் அது. சம்பளச் சீட்டு கொடுத்து வேலைக்கு எடுக்கும் நர்சரி, பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஹாலிடே கிளப் போன்ற இடங்களையே பாருங்கள்.

குழந்தைகளோடு வேலை என்றால் டி.பி.எஸ். எனப்படும் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பை முதலாளி எடுப்பார். வெளிநாட்டில் வாழ்ந்தவர் என்பதால் இந்தியாவின் போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழும் கேட்பார்கள். இதைப் படிக்கும், இனிமேல் கிளம்பவிருக்கும் மாணவர்கள் பாஸ்போர்ட் சேவா வழியாக அதை இங்கேயே எடுத்துக்கொண்டு போவது நல்லது. எல்லாவற்றுக்கும் வாரக்கணக்கில் ஆகும். மே மாதமே விண்ணப்பியுங்கள். 12 மணி நேரக் குழந்தை முதலுதவிப் பயிற்சி முடித்திருந்தால் உங்கள் விண்ணப்பம் மேலே வரும்.

ஊரைப் பார்க்க லெஸ்டரில் காசு அதிகம் தேவையில்லை. 1785-இல் போட்ட நடைபாதையான நியூ வாக்கில் உள்ள அருங்காட்சியகத்துக்கு அனுமதி இலவசம். டைனோசர் எலும்புக்கூடும், 1957-இல் சார்ன்வுட் காட்டில் ஒரு பள்ளி மாணவன் கண்டெடுத்த மிகப் பழைய உயிரினத்தின் புதைபடிவமும் அங்கே இருக்கின்றன. கிளப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் முன் ஒருமுறை நீங்கள் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால், கழிப்பறை எங்கே, படிக்கட்டு எங்கே, எந்தக் கூடத்தில் கூட்டம் என்பது தெரிந்துவிடும்.

வேலையும் பார்த்து சென்னையையும் பார்ப்பது எப்படி? குழந்தையோடு எங்கே போகலாம், தனியாக எங்கே போகலாம்? – வாசகி, கோவில்பட்டி

வார விடுமுறை பேசும்போதே இதை யோசித்துவிடுங்கள். எழும்பூர் அருங்காட்சியகமும் கோட்டை அருங்காட்சியகமும் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். வண்டலூர் உயிரியல் பூங்கா, முட்டுக்காடு தட்சிணசித்ரா, கிண்டி சிறுவர் பூங்கா மூன்றுக்கும் செவ்வாய் விடுமுறை. முதலைப் பண்ணைக்குத் திங்கள். ஞாயிறு எல்லாம் திறந்திருக்கும், ஊரே அங்கே இருக்கும். டே கேரில் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள முடியும் என்றால் புதனோ வியாழனோ கேளுங்கள்.

மகளிருக்கு மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 மே முதல் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. டீலக்ஸ், ஏ.சி. பேருந்துக்கு உண்டு. ஏறும் முன் போர்டைப் பாருங்கள். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடக்கும் சாலைகளில் நிறுத்தம் இடம் மாறியிருக்கும், முந்தின நாளே அந்த வழியில் ஒருமுறை போய் வாருங்கள். பறக்கும் ரயிலில் கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரை பகல் நேரத்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனால், பக்கிங்காம் கால்வாயும் மயிலாப்பூர் மொட்டை மாடிகளும் கீழே தெரியும். புது ஆளுக்கு ஊரின் அமைப்பு அந்த ஒரு பயணத்தில் பிடிபடும்.

கேம்ப் முடிந்து வீட்டு வேலை தொடங்கும் வரை உள்ள மதிய வேளைக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைவிட நல்ல இடம் இல்லை. வெயில் இல்லை, குடிநீர் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது. குழந்தைகள் பகுதி முதல் தளத்தில். மாலையில் சொல்லப்போகும் கதையை அங்கேயே உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம். கூப்பிடு தூரத்தில் பிர்லா கோளரங்கம். தமிழில் காட்சி எத்தனை மணிக்கு என்று வாசலில் கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். இருட்டு ஆனதும் நான்கு வயதுக் குழந்தை பயந்து அழும். ஐந்தாறு வயதுக்கு மேல் என்றால் கூட்டிப்போகலாம். எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது, வளாகம் பெரியது. குழந்தைக்குத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு போதும். சோழர் காலச் செப்புத் திருமேனிகளை நீங்கள் தனியாக வரும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் ஒரு நடராசர் முன் நிற்பதும் மூன்று வயதுக் குழந்தையைக் கையில் பிடித்திருப்பதும் ஒரே நாளில் நடக்காது.

பெற்றோரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் குழந்தையைக் குடியிருப்புக்கு வெளியே கூட்டிப்போகாதீர்கள். 'பெசன்ட் நகர் பீச் வரை போறோம்க்கா, அஞ்சரைக்குக் கிளம்பி ஏழுக்கு வந்துடுவோம்' என்று அனுப்பி, 'சரி' என்று பதில் வந்தபிறகு கிளம்புங்கள். கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கும். பகல் பதினொன்றுக்கும் நாலுக்கும் இடையில் மணலும் சறுக்குமரமும் பிஞ்சுக் காலைச் சுட்டுவிடும். உங்கள் புறங்கையைச் சறுக்குமரத்தில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள், பொறுக்கவில்லை என்றால் குழந்தைக்கும் வேண்டாம். சட்டைப்பையில் உங்கள் போன் நம்பரும் அம்மாவின் நம்பரும் எழுதிய துண்டுச் சீட்டு இருக்கட்டும்.

மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் அலை காலுக்குக் கீழே மணலை வாரிக்கொண்டு போகும். முட்டளவுத் தண்ணீரிலேயே பெரியவர்கள் சாய்ந்துவிடுகிறார்கள். அடுத்தவர் வீட்டுக் குழந்தையோடு போகும்போது ஈர மணலுக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்ளுங்கள். ஒரு சின்ன வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால் மணல் வீடு கட்ட அது போதும். கடலில் காலை நனைக்கும் ஆசை உங்களுக்கு இருந்தால் விடுமுறை நாள் காலை ஆறு மணிக்கு, தோழி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.